டிரைவர் கண்ணுக்குத் தெரியாத லைட்டு

பஸ்ஸில் ஹெட்லைட் போனால் டிரைவருக்கு உடனே தெரிஞ்சிடும். ஹாரன் போனாலும் தெரியும். பிரேக் லைட் போனால்? சாதாரணமா தெரியவே தெரியாது. அது அவருக்காக எரியற லைட் இல்லை, பின்னாடி வர்றவனுக்காக எரியறது.

ஏர் பிரேக் பஸ்ஸில் பெடலை மிதிச்சதும் குழாயில் காற்றழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் வேலை செய்து சிவப்பு விளக்கை எரிய வைக்கும். ஸ்விட்ச் கெட்டால் விளக்கு எரியாது, இல்லேன்னா அணையவே அணையாது. ரெண்டுமே ஆபத்துதான். எந்நேரமும் எரியற லைட்டைப் பார்த்து யாருங்க பிரேக் போடுவாங்க?

ஒரு பஸ்ஸில் பல்பு போனால் மாத்திக்கலாம். தொழிற்சாலையிலிருந்தே ஆயிரம் பஸ்ஸில் ஸ்விட்ச் தப்பா வந்திருந்தால்? அதுக்குத்தான் ரீகால். கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு சரிபண்ணித் தரணும்.

இதுக்கு சட்டம் வந்த கதை சுவாரசியமானது. 1965-ல் ரால்ஃப் நாடர் அமெரிக்கக் கார்களின் ஆபத்துகளைப் பற்றி 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' என்ற புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவர் பின்னாடி துப்பறியும் ஆட்களை அனுப்பி, மாட்டிக்கிட்டு, 1966 மார்ச்சில் செனட் குழு முன்னால் மன்னிப்புக் கேட்டது. அதே வருஷம் செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனா அதில் ஒரு ஓட்டை. வண்டியில் குறை இருக்குன்னு ஓனருக்குக் கடிதம் போட்டால் போதும், சரிபண்ணித் தரணும்னு கட்டாயம் இல்லை! 1974-ல் வந்த திருத்தம்தான் இலவசமா சரிபண்ணணும் என்றது. பள்ளிப் பேருந்துகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரம் வேணும்னு சொன்னதும் அதே திருத்தம்தான். இன்னொண்ணு, அங்கே விளக்கு அரசு வச்ச தரத்தில் இல்லேன்னாலே பொதுவா ரீகால்தான். யாராவது அடிபடற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம்ம ஊரில் 2012-லிருந்து கம்பெனிகள் தாங்களா முன்வந்து செய்த ரீகால்தான் இருந்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலுக்கு வந்தன. அரசு உத்தரவு போட்டு ரீகால் செய்ய வைத்தால் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும்.

எனக்கு இடிக்கிற இடம் இனிமேல்தான் வருது. பஸ் என்றால், ஒரு வருஷ விற்பனையில் 3 சதவீதம் அளவுக்கு ஓனர்களின் புகார் வரணும். பரிசோதனை நிலைய அறிக்கை மூலமாவும் ரீகால் வரலாம், இல்லேன்னு சொல்லலை. ஆனா பிரேக் லைட்டுக்கு எந்த ஓனர் புகார் எழுதுவார்? ஓட்டறவர் ஓனர் இல்லை. ஓட்டறவருக்கே அது தெரியாது. தெரிஞ்சவன் பின்னாடி பைக்கில் வர்றவன், அவன் புகார் அந்த 3 சதவீதக் கணக்கில் வராது.

தெரிஞ்ச இன்னொருத்தர் டெப்போ மெக்கானிக். ஒரே மாடல் பஸ்ஸில் ஒரே ஸ்விட்சைத் திரும்பத் திரும்ப மாத்தறவர் அவர்தான். ஸ்விட்சை மாத்திட்டு பஸ்ஸை வெளியே அனுப்பிடறதோட விஷயம் முடிஞ்சிடுது. அவர் மாத்தற ஒவ்வொரு ஸ்விட்சையும் ஒரு புகாரா எழுதி மேலே அனுப்பணும்னு ஒரு விதி போட்டால் என்ன? சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.