விமானத்துக்கு ஐந்தெழுத்து

மும்பையில் பழைய தமிழர்களிடம் "வி.டி." என்று சொன்னால் போதும், ரயில் நிலையம் கண்முன் வந்துவிடும். டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக வந்து இறங்கிய விக்டோரியா டெர்மினஸ். 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது, 2017-ல் 'மகராஜ்' என்பதும் சேர்ந்தது. ஆனாலும் தாராவியில் இருக்கும் எங்கள் திருநெல்வேலிப் பெரியவர்கள் வாயில் இன்றும் வி.டி.தான்.

அதே இரண்டு எழுத்து, இந்தியாவில் பதிவான ஒவ்வொரு சிவில் விமானத்தின் உடம்பிலும் பெயிண்டால் எழுதியிருக்கும். அதை ஒரு விமானத்தில் எழுதுவதற்காக இந்த ஊர்க்காரர் ஒருவர் வருடக்கணக்கில் காத்திருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கேப்டன் அமோல் யாதவ். விமானி. காந்திவலி சார்கோப்பில் அவர் குடும்பம் இருந்த ஐந்து மாடிக் கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. அதன் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டினார். நம் வீடுகளில் வடாம் காயப்போடும் இடத்தில்! இஞ்சின் உட்பட எல்லாமே படிக்கட்டு வழியாகத்தான் மேலே போயிற்று. அமெரிக்காவில் இது பெரிய அதிசயமில்லை. 1953-ல் பால் பொபரெஸ்னி என்பவர் தொடங்கிய சங்கம், வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களை அங்கே ஒரு கூட்டமாகவே ஆக்கிவிட்டது. பெட்டியில் பாகங்கள் வரும், ஷெட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். அமோல் அப்படிப் பெட்டி வாங்கிப் பூட்டியவர் அல்ல. தானே வடிவமைத்தார்.

2016 பிப்ரவரியில் அந்த விமானம் கிரேன் மூலம் மாடியிலிருந்து இறங்கி, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்கு வந்தது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் அந்த மைதானம்தான்.

சரி, பெயிண்டுக்கு வருவோம். விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பது அழகுக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சரித்திரத்தைப் பார்த்தால், ஆரம்பத்தில் பெயிண்ட் இல்லையென்றால் விமானமே இல்லை!

1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலைக் கொண்டுவந்து ஜூஹுவில் இறக்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். டாட்டா ஓட்டிய பஸ் மாத் விமானத்தின் உடம்பு இரும்புக் குழாய்ச் சட்டம்தான். அதன்மேல் போர்த்தியது துணி. துணி எப்படிக் காற்றைத் தாங்கும்? அதன்மேல் 'டோப்' என்ற வார்னிஷ் மாதிரியான திரவத்தைப் பல கோட் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி, மிருதங்கத் தோல் மாதிரி விறைப்பாகிவிடும். வெயிலில் துணி இற்றுப்போகாமல் இருக்க அலுமினியப் பொடி கலந்த கோட் வேறு. பழைய படங்களில் விமானங்கள் வெள்ளி நிறத்தில் மின்னுவதற்கு இதுவும் ஒரு காரணம். எச்.ஏ.எல். தயாரித்து 1958-ல் முதலில் பறந்த புஷ்பக் விமானமும் துணி போர்த்தியதுதான். நம் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறை விமானிகள் அதில்தான் கற்றார்கள்.

இந்த டோப்புக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளில் டோப்பில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவியால் தொழிலாளர்களுக்கு மஞ்சள் காமாலை வந்து சிலர் இறந்தே போனார்கள். இன்று டோப்பின் இடத்தில் பாலியூரித்தேன். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயிண்ட். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரும். துணி மாஸ்க் கட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். கார் பட்டறைகளில் முகத்தில் கைக்குட்டையோடு ஸ்ப்ரே கன் பிடிக்கும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

அலுமினியத் தகடு என்றால் வேலை வேறு மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும், ஆசிடால் லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும், துரு பிடிக்காத ப்ரைமர், அப்புறம்தான் கலர். மும்பை மாதிரி உப்புக் காற்று ஊரில் ப்ரைமர்தான் உயிர். மழைக்காலத்தில் சில பெயிண்டுகளை அடித்தால் ஈரம் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும்.

காமர்ஸ் படித்தவனுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் :-) பெயிண்டுக்கும் பேலன்ஸ் ஷீட் உண்டு. சிறிய விமானத்துக்கே பெயிண்ட் எடை பத்து கிலோ அளவுக்குப் போகலாம். அமெரிக்க விண்கலம் 1981-ல் பறந்த முதல் இரண்டு முறையும் அதன் பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். 1982-ல் மூன்றாவது முறை அதை விட்டுவிட்டார்கள். சுமார் 270 கிலோ மிச்சம்! படங்களில் அந்தத் தொட்டி ஆரஞ்சு நிறத்தில் தெரிவது அதனால்தான். எடை மட்டுமல்ல, இறக்கையின் பின்விளிம்பிலும் வாலிலும் அசையும் பலகைகளில் ஒரு கோட் கூடினாலே சமநிலை கெட்டு, வேகத்தில் அவை படபடவென்று அதிர்ந்து பிய்ந்துபோகலாம். பெயிண்ட் அடித்த பிறகு அவற்றைத் திரும்ப நிறுத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

பெயிண்ட் அடிக்கும்போது காற்றழுத்தம் அளக்கும் சின்னத் துளைகளை டேப் போட்டு மூடுவார்கள். அதை எடுக்க மறந்தால்? 1996 அக்டோபரில் லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு விமானத்தில் அதுதான் நடந்தது. அது பெயிண்டுக்காக அல்ல, கழுவித் துடைப்பதற்காக ஒட்டிய டேப். உயரமும் வேகமும் தவறாகக் காட்டி, இருட்டில் கடலில் விழுந்து 70 பேரும் போய்விட்டார்கள். ஒரு முழம் டேப்.

இத்தனை வித்தைக்கும் மும்பை நல்ல ஊர். 1942-ல் நான்கு நண்பர்கள் ஒரு கராஜில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ் இந்த ஊர்தான். பெயிண்ட் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்த யு.டி.சி.டி. கல்லூரி 1943-லிருந்து நம் மாதுங்காவில்தான் இருக்கிறது. 2008-லிருந்து அதன் பெயர் ஐ.சி.டி. ஆக, இந்த ஊரில் பெயிண்டுக்குப் பஞ்சமில்லை. அமோல் யாதவ் விஷயத்தில் கடைசிவரை கிடைக்காமல் இருந்தது அந்த ஐந்து எழுத்துதான்.

சர்வதேச விதிப்படி பதிவு எழுத்துகள் அலங்காரம் எதுவும் இல்லாத பெரிய எழுத்துகளாக இருக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் 50 செ.மீ., உடம்பில் 30 செ.மீ. உயரம் குறையக்கூடாது. முதல் இரண்டும் நாட்டின் குறி. 'வி.டி.' என்றால் வைஸ்ராய் டெரிட்டரி என்று பலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. 1927-ல் வாஷிங்டனில் நடந்த ரேடியோ தந்தி மாநாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் எழுத்துகளைப் பங்கு பிரித்தபோது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு விழுந்தது அது. டாட்டா 1932-ல் ஓட்டியது வி.டி.-ஏ.டி.என்.

அமோல் பதிவுக்கு விண்ணப்பித்தது 2011-ல். நடுவில் விதிகள் மாறின. பதிவுச் சான்றிதழ் 2017 நவம்பரில்தான் கைக்கு வந்தது. வி.டி.-என்.எம்.டி. நரேந்திர மோடி, தேவேந்திர ஃபட்னவிஸ் இருவருக்கும் நன்றியாக அந்தக் கடைசி மூன்று எழுத்துகளை வைத்ததாக அவரே சொன்னார். பறக்கும் அனுமதி 2019-ல். 2020-ல் துலே ஓடுதளத்தில் சோதனைப் பறத்தல்.

வங்கியில் வாகனக் கடன் மனு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகம். இஞ்சின் எவ்வளவு அருமையாக ஓடினாலும் காகிதத்தில் இல்லாத வண்டி எங்கள் கணக்கில் வண்டியே இல்லை. அதில் நியாயம் இருக்கிறது. மொட்டை மாடியில் கட்டிய விமானம் யார் வீட்டுக் கூரையிலும் விழலாம், சோதிக்காமல் எழுத்து கொடுக்கக் கூடாதுதான். ஆனால் சோதிப்பது வேறு, காக்க வைப்பது வேறு.

தாராவிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பு நடத்திப் போட்டோ பாஸ் கொடுத்தார்கள். அந்த அட்டையைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்த குடும்பங்கள் உண்டு. 2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்காகக் கணக்கெடுப்பு தொடங்கியபோது மறுபடியும் வீட்டுக்கு வீடு எண். தோல் பட்டறை, இட்லிக் கடை, மண்பாண்டச் சூளை என்று மூன்று தலைமுறையாக உழைத்துக் கட்டிய வீடு அது. ஆனாலும், சுவரில் ஒரு எண் விழுகிற வரைக்கும் அந்த வீடு அரசாங்கக் கணக்கில் இல்லை.

வி.டி.யில் இறங்கி, ரேஷன் கார்டில் பெயர் ஏறும்வரை அலைந்த நம் அப்பாக்களுக்கு அமோல் யாதவின் காத்திருப்பு நன்றாகவே புரியும். உங்கள் பிள்ளைகளோடு அடுத்த முறை ஊருக்கு விமானத்தில் போகும்போது, வால் பக்கம் அந்த ஐந்தெழுத்தைக் காட்டுங்கள். எழுதக் கொஞ்சம் பெயிண்ட்தான் பிடிக்கும், ஆனால் அந்த எழுத்து இல்லாமல் விமானம் தரையை விட்டு எழும்ப முடியாது என்று சொல்லுங்கள்.