மருதூர்ப் பாட்டும் பல்லாவரத்து மகளும்

பிறமொழிச் சொற்களை, சிறப்பாக வடசொற்களை, விலக்கித் தமிழ்ச் சொற்களாலேயே எழுதவும் பேசவும் வேண்டும் என்று கூறும் தனித்தமிழ் இயக்கம் 1916ஆம் ஆண்டில், பல்லாவரத்தில், மறைமலையடிகளின் இல்லத்தில் தோன்றியது என்பது பலரும் அறிந்த செய்தி. அதன் வேர்களுள் ஒன்று கடலூர் மண்ணில் ஓடுவதும், அக்கொள்கையை மாணவரும் பெண்களும் எடுத்தாளத்தக்க நூல்களாக ஆக்கித் தந்தவர் அடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்து, கருங்குழியிலும் வடலூரிலும் வாழ்ந்த இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயருடன் அச்சேறின. இறையருளால் பாடப்பட்டவை என்று பொருள்தரும் அப்பெயர் தேவாரம் முதலிய திருமுறைகளுக்கே உரியது என யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மறுத்ததால் மூண்ட பூசல், 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அவ்விருவரும் மறைந்த பின்னும் அது தணியவில்லை. நாவலர் மரபில் நின்ற நா. கதிரைவேற்பிள்ளையை எதிர்த்து, 1903இல் சென்னையில் அருட்பாவுக்காக வாதாடியவர், அந்நாளில் வேதாசலம் பிள்ளை என்று அறியப்பட்ட மறைமலையடிகள். நீலாம்பிகை பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

ஆகவே அவ்வீட்டில் அருட்பா ஒலித்ததில் வியப்பில்லை. 1916இல் மகள் அருட்பாப் பாடல் ஒன்றைப் பாடக் கேட்ட தந்தை, அதில் வரும் 'தேகம்' என்ற வடசொல்லின் இடத்தில், உடம்பைக் குறிக்கும் 'யாக்கை' என்ற தமிழ்ச்சொல் நின்றிருந்தால் ஓசையும் பொருளும் மேலும் சிறந்திருக்கும் என்று எடுத்துக்காட்டினார் என்பர். சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனதும், பிள்ளைகளுள் திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு என்றும் மாணிக்கவாசகம் மணிமொழி என்றும் பெயர் மாறியதும் இதன் தொடர்ச்சி.

இயக்க வரலாறு கூறுவோர் பெரும்பாலும் இந்தப் பாட்டோடு நீலாம்பிகையை விட்டுவிடுகின்றனர். பதின்மூன்று அகவைச் சிறுமியாகவே அவர் அங்கு நின்றுவிடுகிறார். உண்மையில் அவருடைய பணி அதன் பிறகே தொடங்குகிறது. 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' என்ற அவருடைய நூல் 1925இல் வெளிவந்தது. அதனினும் உழைப்பு மிக்கது 'வடசொல் தமிழ் அகரவரிசை'. அகரவரிசை என்பது சொற்களை எழுத்து முறைப்படி அடுக்கிப் பொருள் கூறும் நூல். விவாகம், சந்தோஷம், அபிப்பிராயம் போன்ற சொற்கள் ஏடுகளில் மிகுதியாக வழங்கிய காலத்தில், தனித்தமிழில் எழுத விரும்பிய ஒருவருக்கு வேண்டியிருந்தது மற்றுமொரு மேடைச் சொற்பொழிவு அன்று, எழுதும்போது பக்கத்தில் வைத்துப் புரட்டத்தக்க ஒரு கருவி. கொள்கையைத் தந்தை வகுத்தார். அதைக் கைக்கொள்ளும் வழியை மகள் அமைத்தார். தமிழாசிரியராகப் பெண்கள் பள்ளியில் பணிபுரிந்த பட்டறிவு இதற்குத் துணைநின்றிருக்க வேண்டும்.

அடிகளும் இளையோரை மறந்தவர் அல்லர்; 'சிறுவற்கான செந்தமிழ்' அவர் இயற்றிய நூலே. ஆயினும் அவருடைய நெடிய நடை புலவர் அவைக்கே மிகவும் பொருந்துவது. நீலாம்பிகையோ பிரெஞ்சு வீராங்கனை ஜோன் முதலிய மேனாட்டுப் பெண்மணிகளின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி, நம் சிறுமியருக்கு உலகப் பெண்களை அறிமுகம் செய்தார். பழமொழிகளையும் ஆங்கில இணைகளோடு தொகுத்தார். 1927இல் அவர் மணந்த திருவரங்கம் பிள்ளை சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தை வளர்த்தவர் என்பதால், புகுந்த இடமும் நூல்களின் நடுவிலேயே அமைந்தது.

பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்துப் போராட்டம் நடந்த 1938இல், நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். ஈ.வெ. இராமசாமியைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானித்த மாநாடு அது. அந்தப் பெயர் நிலைத்த அளவுக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் நிலைக்காதது தமிழர் செய்த பெரும் மறதி.

நீலாம்பிகை அம்மையார் தந்தைக்கு முன்பே மறைந்தார். மகளை இழந்த மறைமலையடிகள் 1950 செப்டம்பர் 15ஆம் நாள் வரை வாழ்ந்தார்.