பழனி வழியில் ஒரு பந்தி

நெடுவழி நடக்கும் யாத்திரிகனைக் கால்வலியும் வெயிலும் அதிக நாள் வருத்துவதில்லை; உடல் அவற்றை இரண்டொரு நாளில் பழகிக்கொள்கிறது. தன் வீட்டில் தன் ருசிக்கேற்ப உண்டு வாழ்ந்தவன், முன்பின் அறியாத ஊரில், யாரோ வடித்த சோற்றை, யார் யாரோடோ ஒரே வரிசையில் அமர்ந்து வாங்கி உண்ண நேர்கிறதே, அங்கேதான் அவன் மனத்துக்கு மெய்யான பரீட்சை தொடங்குகிறது. இந்தப் பரீட்சையைத் தன் மக்களுக்கு ஆண்டுதோறும் வைத்து வருகிற ஒரு பெரிய சம்பிரதாயத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால், வழி நம்மைச் செட்டிநாட்டு நெற்குப்பையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர் வட்டத்தில், பொன்னமராவதிக்கு அணித்தாக அமைந்த நெற்குப்பை, முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் கொண்ட நகரத்தார் இல்லங்கள் நிறைந்த ஊர். உலகின் பல தேசங்களையும் தமிழகத்தின் மாவட்டங்களையும் சுற்றிப் பார்த்து, கண்டவற்றைத் தமிழருக்கு நூல் நூலாக எழுதி வைத்த சோமலெ 1921-ஆம் ஆண்டில் பிறந்தது இவ்வூரில்தான். ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, பயணத்தால் புகழ் பெற்ற இன்னொரு மகனை இவ்வூர் ஈன்றிருக்கிறது. அவர் பெயர் குமரப்பர். தொழில் உப்பு வாணிகம்.

உப்பு அந்நாளில் கடற்கரையில் விளைந்து, பொதிமாடுகளின் முதுகில் உள்நாடு நோக்கி நாட்கணக்கில் பயணம் செய்த பண்டம். அதை விற்கப் பழனிக்குச் சென்ற குமரப்பர், மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியைத் தம் வாணிகத்துக்குத் துணையாகக் கொண்டு, லாபத்தில் ஒரு பங்கை அவனுக்கு மகமையாக ஒதுக்கினார் என்றும், அந்த மகமை வளர்ந்து தைப்பூச வழிபாடாகவும் மடமாகவும் காவடியாகவும் பெருகி, அவர் ஒருவரின் பக்தியாக இருந்தது நகரத்தார் சமூகம் முழுவதற்கும் உரிய கடமையாயிற்று என்றும் மரபு கூறுகிறது. நகரத்தார் பழனியில் நிறுவிய தருமங்களைப் பற்றிப் பேசும் செப்பேடுகள் இம்மரபுக்கு ஆதாரமாக நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டை ஒட்டி வேரூன்றிய இவ்வழக்கம், இடையில் எத்தனையோ அரசுகள் மாறியும் அறுபடாமல் நம் காலம் வரை நடந்து வந்திருக்கிறது; ஆம், கால்களால் நடந்தே வந்திருக்கிறது.

தை பிறந்ததும் ஊர் ஊராகப் புறப்படும் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ நூறு மைல் கடந்து பழனியை அடைகின்றன. இவை சர்க்கரைக் காவடிகள். தோளில் சுமந்து சென்ற சர்க்கரை ஆண்டவனுக்கு நிவேதனமாகி, பின் பிரசாதமாக அடியார் கைகளுக்கே திரும்பி வருகிறது. பூசம் முடிந்தவுடன் மூட்டை கட்டிக்கொண்டு வண்டியேறுவதும் இவர்கள் வழக்கமன்று. வந்த வழியே காவடியோடு நடந்து திரும்பினால்தான் யாத்திரை நிறைவுறும். அத்தனை நாளும் அத்தனை பேரும் எதை உண்டு நடந்தார்கள் என்று கேட்டால், இந்த யாத்திரையின் உள்ளடக்கமே அக்கேள்விக்கு விடையாக வந்து நிற்கும்.

முதல் நாட்களில் வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோறும் துவையலும் துணை செய்யும். கட்டுச்சோறு எத்தனை நாள் தாங்கும்? அது தீர்ந்த இடத்தில் மற்றவர் கை நீள்கிறது. தங்கும் இடந்தோறும் கோட்டையடுப்பு வெட்டி, அண்டாக்களை ஏற்றி, முன்னே சென்ற சிலர் பின்னே வரும் பலருக்காக உலை வைத்துக் காத்திருப்பார்கள். வழியிலுள்ள கிராமத்தார் நீர்மோரும் பானகமும் கரைத்துக்கொண்டு சாலையோரம் நிற்பார்கள். "சாப்பிட்டுப் போங்க சாமி" என்று ஒரு குடியானவப் பெண் அழைக்கும் குரலுக்கு முன்னால், ரங்கூனிலும் மலாய் நாட்டிலும் பெரும் பொருள் ஈட்டி வந்த செட்டியாரும், அவர் கடைக்குக் கணக்கெழுதியவரும், அவர் வீட்டுக்கு விறகு பிளந்தவரும் ஒரே மாதிரியான 'சாமி'களாகி விடுகிறார்கள்.

அந்தப் பந்தியைச் சற்று அருகிருந்து பார்ப்போம். தரையில் நீளமாகப் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்தாகிவிட்டது. இலை மூலையில் முதலில் வந்து விழுவது உப்பு. உப்பு விற்றவர் தொடங்கி வைத்த யாத்திரையில் இது பொருத்தமே. பிறகு பொரியல், பருப்பு. சோறு வந்ததும் அதன் நடுவே குழி செய்து காத்திருக்கும் விரல்களின் மேல் சாம்பாரின் சூடான ஆவி படிகிறது. பரிமாறுகிறவன் கால்களிலும் கொப்புளம். நேற்றிரவு அவனும் நடந்து வந்தவன். அவன் குனிந்து வாளியோடு நகர, உட்கார்ந்திருப்பவர்கள் பக்கத்து இலையில் ஏதேனும் குறைகிறதா என்று பார்த்து, "இங்கே கொஞ்சம் ரசம் விடுங்க" என்று தமக்காக அல்லாமல் அடுத்தவருக்காகக் குரல் கொடுக்கிறார்கள். முதற்பந்தி எழுந்ததும் உண்டவர்களே வாளியைக் கையில் வாங்கிக்கொள்ள, பரிமாறியவர்கள் இலை முன் அமர்கிறார்கள்.

இந்த இடமாற்றத்தில்தான் யாத்திரையின் தத்துவம் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். நகரத்தார் கொடுத்துப் பழகியவர்கள். கோயில் திருப்பணி, பாடசாலை, சத்திரம் என்று அவர்கள் கொடையைச் சொல்லி மாளாது. ஆனால் கொடுப்பவனுக்குக் கொடையே ஒரு சூட்சுமமான ஆபத்து. நீட்டும் கை எப்போதும் மேலேயே இருந்து பழகிவிட்டால், அந்த உயரம் மெல்ல மெல்ல மனத்திலும் ஏறிவிடும். அந்த உயரத்தை இறக்கி வைக்க ஊரை விட்டு வெளியே நடப்பதைவிட நல்ல சாதனம் இல்லை. பேரேட்டில் ஒவ்வொரு காசுக்கும் வரவும் செலவும் எழுதி நேர் செய்யும் வணிகன், எந்த ஏட்டிலும் பற்று வைக்க முடியாத ஒரு வேளைச் சோற்றுக்குக் கடன்பட்டு நிற்கிறான். அந்தக் கடனைக் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லை. அடுத்த பந்தியில் வேறொருவருக்குப் பரிமாறித்தான் தீர்க்க வேண்டும்.

இது குமரப்பர் காலத்தில் புதிதாக முளைத்த எண்ணமன்று. இதே சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த இளையான்குடியில் வாழ்ந்த மாற நாயனார், செல்வம் எல்லாம் போன பின்னும், மழை இரவில் வந்த அடியவர் பசியோடு திரும்பக் கூடாதென்று, பகலில் விதைத்த நெல்லை இருளில் வாரிக்கொண்டு வந்து அமுது படைத்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. திங்களூர் அப்பூதியடிகள், கண்ணால் காணாத திருநாவுக்கரசரின் பெயரால் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அந்த நாவுக்கரசரும் சம்பந்தரும் பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் இறைவனிடம் நாள்தோறும் காசு பெற்று, அடியார் கூட்டத்துக்கு அமுதளித்தார்கள். பாடித் திரிந்த பெரியோர்களும் ஒருநாள் வாங்கி உண்டார்கள், ஒருநாள் அளித்து மகிழ்ந்தார்கள். சைவ மரபில் யாத்திரை என்பதற்கு இவ்விரண்டும் சேர்ந்ததே பொருள்.

அரசர்களும் இத்தருமத்தை உணர்ந்திருந்தார்கள். மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளோடு சத்திரங்களையும் சேர்த்தே அமைத்தாள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோர் வைத்த சத்திரங்களுக்கு ஆங்கிலேயரால் இடையூறு நேரக் கூடாதென்று 1801-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில், எக்குலத்து வழிப்போக்கருக்கும் அங்கே அன்னம் உண்டென்றும், சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் பண்டங்களும் தரப்படும் என்றும், நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரா என்று கூவி அழைப்பது வழக்கமென்றும் தெரிவிக்கிறார். பசித்தவன் வந்து கதவைத் தட்டும் வரை காத்திராமல், அவனைத் தேடி இருளுக்குள் குரல் கொடுத்த ராஜ்யம் அது. அதே நினைவோடு நகரத்தார் 1863-இல் காசியில் நிறுவிய சத்திரம், கங்கைக்கரை வரை செல்லும் தமிழருக்கு இன்றும் தாய்வீடாக விளங்குகிறது. சிங்கப்பூரில் அவர்கள் 1859-இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலில் தைப்பூசத்தன்று வருவோர்க்கெல்லாம் விருந்து நடப்பதும் பழனி வழிப் பந்தியின் கடல் கடந்த கிளையே.

குறையைச் சொல்லாமல் பெருமையை மட்டும் சொல்வது சரித்திரமாகாது. சோறு எல்லோருக்கும் உண்டு என்ற இந்நாட்டில், வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. சமைத்ததை உண்ணாதவர் என்று சரபோஜி குறிப்பிட்டவர்கள் பிறர் தொட்டுச் சமைத்ததை ஒதுக்கியவர்களே. சாதிக்கொரு பந்தியும், பந்திக்கே அழைக்கப்படாத மக்களும் நெடுங்காலம் இருந்தார்கள். 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு, பசி ஒன்றையே தகுதியாகக் கேட்டது. அணையாது எரியும் அந்த அடுப்பு, நம் அன்னதான மரபுக்கு நேர்ந்த பிழையைத் திருத்தி எழுதிய பெருஞ்செயல். இன்று பழனிப் பாதையில் பல குலத்தாரும் பல ஊராரும் தோளோடு தோள் உரச நடந்து, அடுத்தடுத்த இலைகளில் உண்பது அத்திருத்தம் வழி நெடுகப் பரவியதன் அடையாளம்.

இப்போது வேறொரு மாற்றம் கண்ணில் படுகிறது. வண்டியில் வந்து பொட்டலங்களை வீசும் அவசரம். நன்கொடையாளர் பெயர் தாங்கிய பெரிய பலகைகள். வாங்கிய பொட்டலத்தை நடந்துகொண்டே உண்டுவிட்டு எவர் முகமும் பாராமல் போகிற வேகம். பசி தீர்கிறது என்ற அளவில் இதையும் தருமம் என்றே சொல்வேன். ஆயினும், கொடுத்தவன் வாங்கவும் வாங்கியவன் கொடுக்கவும் இடம் தந்த பந்தி இதில் இல்லை. ஆகவே தை மாதத்தில் அவ்வழியே நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பையில் பணம் இருந்தாலும் ஒரு வேளையேனும் பிறர் போட்ட இலையின் முன் அமருங்கள், பக்கத்தில் இருப்பவரின் ஊரைக் கேளுங்கள், எழுந்ததும் வாளியை வாங்கி அடுத்த பந்திக்குப் பரிமாறுங்கள். நெற்குப்பை வணிகர் லாபத்தில் பங்கு கொடுத்துத் தொடங்கிய வழிபாட்டை, நாம் ஒரு வேளைச் சோற்றைப் பகிர்ந்து தொடரலாம்.