பாதம் அறிந்த செருப்பு



ஆண்டுதோறும் தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார் எங்கள் குன்றக்குடி வழியே செல்வர். அவர்களின் கால் கொப்புளங்கள் சில நாட்களில் ஆறிவிடும். ஆனால் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியிலேயே கூழாங்கல்லை மிதித்தாற்போல் துடிக்கும் பாதங்களும் உண்டு. என் தாயாரின் பாதங்கள் அத்தகையவை. 'ஸப்ரு செய்கிறேன்' என்று பல ஆண்டுகள் அவர் அதை மறைத்தார். முடக்குவாதம் என மருத்துவர் கண்டறிந்தபோது விரல்கள் வளைந்துவிட்டிருந்தன.

இது புதிய துன்பமன்று. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, தம் 'அல்கானூன்' மருத்துவ நூலில் மூட்டு வலிகளைத் தனியே ஆராய்ந்தார். 1859-இல் ஆங்கில மருத்துவர் கேராட், முடக்குவாதத்திற்கு 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்னும் இன்றைய பெயரைச் சூட்டினார். உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. முன்பாதத்தின் மெத்தென்ற கொழுப்புத் திசு இடம் விலகுவதால், எலும்பு முனைகள் நேரே தரையில் அழுந்துகின்றன.

இந்த அழுத்தத்திற்கு ஒரு விடை நம் தமிழகத்தில், வேறொரு நோயின் வழியாகக் கிடைத்தது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். தொழுநோயாளரின் கால்கள் தாமாக அழுகுவதில்லை. வலி உணர்வு அற்றுப்போனதால், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே புண்ணாகிறது என அவர் கண்டார். நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரை உள்ளே வைத்த செருப்புகள் அங்கும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருவாயின. இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' எனப்படுபவை இவையே. ஆயினும் அதன் தோற்றத்தைக் கண்டே ஊரார் நோயை அடையாளம் கண்டு ஒதுக்கியதால், அணிய நாணியவர் பலர். காலைக் காக்க வந்த செருப்பே அவமானச் சின்னமாயிற்று.

தொழுநோயாளருக்கு வலி தெரியாததே ஆபத்து. முடக்குவாதக்காரருக்கோ வலி தெரிகிறது. நாம்தான் அதைக் கேட்பதில்லை. இருவருக்கும் வேண்டியது ஒன்றே: அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும் காலணி. முன்புறம் அகலமாகவும் விரல்கள் உரசாத ஆழத்துடனும், குதி தாழ்வாகவும், வீக்கத்திற்கேற்பத் தளர்த்தும் பட்டையுடனும், குதிகாலைப் பிடிக்கும் பின்வாருடனும் அது அமையட்டும். உட்பகுதி மென்மையாகவும் அடிப்பகுதி எளிதில் மடங்காததாகவும் இருக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டுத் தரையிலும் வெறுங்காலுடன் நடக்காமல், வீட்டிற்கெனத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளலாம்.

செருப்பு மட்டும் நோயைத் தணிக்காது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளிலிருந்து பிறந்த மெத்தோட்ரெக்ஸேட், இன்று இந்நோய்க்கு முதன்மை மருந்து. முடக்குவாதத்திற்கு அது வாரம் ஒருமுறையே உட்கொள்ளப்படுவது. தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மூட்டுகள் சிதையுமுன் சிகிச்சை தொடங்குவதே முக்கியம்.

காலணி அணிந்திருப்பவர் வாகனத்தில் செல்பவரைப் போன்றவர் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் ஒரு போர்ப் பயணத்தில் கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பதும், மருத்துவம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் காட்டிய வழியே. ஆகவே வலியை மறைப்பது ஸப்ரு அன்று. மருந்துண்டு, தக்க செருப்பணிந்து, எஞ்சியதைத் தாங்குவதே ஸப்ரு.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்யும் நம் சமூகத்தார், இத்தகைய காலணிகளைக் கண்ணுக்கும் அழகாகச் செய்து தந்தால் அது பெரும் தர்மமாகும். இன்றிரவு உங்கள் தாயாரின் பாதங்களைச் சற்றே கையில் எடுத்துப் பாருங்கள். நான் அதைத் தாமதமாகவே செய்தேன்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.