எண்ணெய் மீட்பில் மண் பாக்டீரியாவும் சேலத்து மரவள்ளியும்

எண்ணெய்க் கிணற்றில் வழக்கமான முறைகள் ஓய்ந்த பின்னும் பாறையில் தங்கிவிடும் கச்சா எண்ணெயை நுண்ணுயிரிகளின் துணையால் வெளிக்கொணர்வது நுண்ணுயிர்வழி எண்ணெய் மீட்பு எனப்படும். சில மண் பாக்டீரியாக்கள் சோப்பைப் போன்ற பொருட்களைச் சுரக்கின்றன. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசையை இவை குறைப்பதால், பாறைத் துளைகளில் சிக்கிய எண்ணெய் நகரத் தொடங்குகிறது. இப்பாக்டீரியாக்களுக்கு மலிவான உணவைத் தேடும் முயற்சி, எண்ணெய் வளமே இல்லாத சேலம், நாமக்கல் சமவெளியையும் இவ்வரலாற்றோடு இணைக்கிறது.

தோற்றம்

இக்கருத்தை 1926இல் பெக்மன் முன்வைத்தார். 1940களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கிளாட் சோபெல் இதனை ஆய்வகத்தில் சோதித்துக் காப்புரிமை பெற்றார். 1954இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து எண்ணெய் வயலொன்றில் பாக்டீரியாவும் அதற்கு உணவாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் செலுத்தப்பட்டன. 1968இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மண்ணில் வாழும் பாசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து சர்ஃபாக்டின் என்னும் பொருளைப் பிரித்தனர். இது நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து சுமார் 27 ஆகக் குறைக்கும்.

இந்தியாவில்

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகமும் (ஓ.என்.ஜி.சி.) புதுதில்லியின் டெரி ஆய்வு நிறுவனமும் வெப்பம் மிகுந்த கிணறுகளிலும் வாழக்கூடிய பாக்டீரியாக்களை உருவாக்கின. 2007இல் இவ்விரு நிறுவனங்களின் கூட்டு நிறுவனமும் தொடங்கப்பட்டது.

சேலம், நாமக்கல் தொடர்பு

தமிழ்நாட்டில் எண்ணெய் கிடைப்பது நரிமணம் முதலிய காவிரிப் படுகைப் பகுதிகளில், படிவுப் பாறைகளுக்குள். அதே காவிரியின் மேற்பகுதியில் உள்ள சேலமும் நாமக்கல்லும் கடினப் பாறை நிலம். அங்கு எண்ணெய் இல்லை. இரண்டாம் உலகப் போரால் இறக்குமதி தடைப்பட்டபோது, 1943 அளவில் இங்கு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றியது. கிழங்கைக் கழுவி அரைத்துப் பால் வடிக்கப் பெருமளவு நீர் செலவாகிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் கலந்த அக்கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறினால் கிணறுகளும் ஓடைகளும் கெடும். சில ஆலைகள் அதிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்துகின்றன.

மரவள்ளிக் கழிவுநீரிலேயே பாசில்லஸ் சப்டிலிஸை வளர்த்துச் சர்ஃபாக்டின் பெறலாம் என்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாக்டீரியாவின் உணவுக்கு ஆகும் செலவே இப்பொருளின் விலையை உயர்த்தும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. எனவே சேலத்து ஆலைகள் சுமையாகக் கருதும் நீர், எண்ணெய் வயலுக்கு வேண்டிய மூலப்பொருளாகவும் அமையக்கூடும்.