கடனோடு வந்த கணக்கு

பிரான்சில் வீட்டுக் கடன் தரும் வங்கி, கடன் வாங்குபவரின் சம்பளமும் தன்னிடமே வந்து சேர வேண்டும் என்று கேட்பது நெடுநாள் வழக்கம். அதற்காக அந்த வங்கியில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்க வேண்டும். நம்மூரில் நடப்புக் கணக்கு பெரும்பாலும் வியாபாரிகளுடையது. பிரான்சில் அது மாதச் சம்பளக்காரர் எல்லோரிடமும் இருப்பது. நெடுங்காலம் அதற்குப் பராமரிப்புக் கட்டணம் என்று பெரும்பாலும் எதுவும் இருந்ததில்லை. 2010களில் அந்தக் கட்டணம் பரவியபோது மற்ற வாடிக்கையாளர்களால் கணக்கை மூடிவிட்டு வேறு வங்கிக்குப் போக முடிந்தது. இருபது ஆண்டுக் கடனைத் தலையில் வைத்திருந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

கடனுக்கும் கணக்குக்கும் தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. 1852இல் அரசின் ஆதரவோடு நிறுவப்பட்ட ‘கிரெதி ஃபோன்சியே’ கடன்பத்திரங்களை விற்றுத் திரட்டிய பணத்தை நிலத்தின் பேரிலும் கட்டடத்தின் பேரிலும் கடனாகக் கொடுத்தது. கடன்காரர் சொத்தை அடமானம் வைத்தார், தவணை கட்டினார், அதோடு சரி. அவர் சம்பளம் எங்கே போகிறது என்பதைப் பற்றி அந்த நிறுவனத்துக்குக் கவலை இல்லை. 1863இல் தோன்றிய கிரெதி லியோனே, 1864இல் தோன்றிய சொசியேத்தே ஜெனரால் போன்ற வைப்பு வங்கிகளோ எந்த நேரமும் திருப்பிக் கேட்கக்கூடிய பணத்தை வைத்திருந்தன. அதை நீண்ட காலக் கடனில் முடக்குவது ஆபத்து என்று அவை ஒதுங்கியே இருந்தன. தொழிலாளிக்குக் கூலி ரொக்கமாகக் கிடைத்தது. மிச்சம் பிடித்தது சேமிப்பு வங்கிக்குப் போனது. 1918இல் அஞ்சல் காசோலைக் கணக்கும் வந்தது.

இந்த ஏற்பாடு 1966-67இல் தலைகீழானது. அப்போது நிதியமைச்சராக இருந்த மிஷேல் தெப்ரே, வைப்பு வங்கிகளுக்கும் முதலீட்டு வங்கிகளுக்கும் இடையே இருந்த வேலியைத் தளர்த்தினார்; கிளை திறக்க முன் அனுமதி வேண்டும் என்ற விதியை நீக்கினார்; வங்கிகள் கொடுத்த வீட்டுக் கடன்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ள ஒரு அடமானச் சந்தையையும் ஏற்படுத்தினார். வங்கிகள் தெருவுக்குத் தெரு கிளை திறந்தன. முதலாளிகளும் சம்பளத்தைக் காசோலையாகவும் கணக்குவழியாகவும் கொடுக்கத் தொடங்கினார்கள். மாதச் சம்பள முறையைப் பொதுவாக்கும் சட்டம் 1978இல் வந்தது. 1960களின் நடுவில் ஐந்தில் ஒரு குடும்பத்துக்குக்கூட வங்கிக் கணக்கு இருந்ததில்லை. 1980களின் நடுவிலோ பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு இருந்தது.

இந்தப் பெருக்கத்துக்கு அடியில் எழுதப்படாத ஒரு பேரம் இருந்தது. நடப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வட்டி தரக் கூடாது என்று 1960களின் இறுதியில் அதிகாரிகள் தடை போட்டார்கள். அதற்கு ஈடாக வங்கிகள் காசோலைக்குக் காசு கேட்கவில்லை. வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை. வாடிக்கையாளருக்கு எல்லாம் இலவசம் போலத் தோன்றியது. உண்மையில் வட்டி இல்லாமல் கிடைத்த அந்தப் பணத்தை வேறிடத்தில் வட்டிக்கு விட்டு, கிளைச் செலவையும் காசோலைச் செலவையும் வங்கி ஈடுகட்டியது. பணவீக்கம் மிகுந்த 1970களில் இந்தக் கணக்கு வங்கிக்கு நன்றாகவே கட்டுப்படியானது. 1980களின் பிற்பாதியில் காசோலைக்குக் கட்டணம் வாங்க வங்கிகள் ஒருமுறை முயன்றன. எழுந்த எதிர்ப்பைப் பார்த்துப் பின்வாங்கின.

வட்டியைக் கூட்டி வாடிக்கையாளரை இழுக்க வழியில்லாதபோது வங்கிகள் பற்றிக்கொண்ட தூண்டில்தான் வீட்டுக் கடன். பிரான்சில் வீட்டுக் கடன் பெரும்பாலும் நிலையான வட்டிக்கு, பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டு வரை கொடுக்கப்படுவது. அதில் வங்கிக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனால் வீடு வாங்க வருபவர் முப்பது வயதுக்காரர். அவருடைய சம்பளம், அட்டை, காப்பீடு, பிற்காலச் சேமிப்பு எல்லாம் கடனைத் தொடர்ந்து வரும். ஆகவே கடனில் விட்டதைக் கணக்கில் பிடிப்பது என்று வங்கிகள் கணக்குப் போட்டன. சம்பளத்தை எங்களிடமே செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை கடன் ஒப்பந்தங்களில் அச்சடித்த வரியாகவே இடம்பெற்றது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளை ஆராயும் பிரெஞ்சு ஆணையம் 2004இல் இதைக் குறித்து ஒரு பரிந்துரை செய்தது: பதிலுக்குத் தனிப்பட்ட சலுகை எதுவும் தராமல் சம்பளத்தைக் கட்டிப்போடும் விதிகளை நீக்க வேண்டும் என்றது. பரிந்துரைக்குச் சட்டத்தின் வலு கிடையாது.

அதே 2004இல் பழைய பேரத்தின் ஒரு பாதி உடைந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த கைஷா வங்கியின் பிரெஞ்சுக் கிளை நிறுவனம் 2002இல் நடப்புக் கணக்குக்கு 2 விழுக்காடு வட்டி அறிவித்தது. கண்காணிப்பு அமைப்பு சில வாரங்களிலேயே அதைத் தடுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2004 அக்டோபர் 5 அன்று, வட்டித் தடை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. இதனால் கணக்குகளுக்கெல்லாம் வட்டி வந்துவிட்டதா என்றால் இல்லை. பெரிய வங்கிகள் தொடர்ந்து ஒன்றும் தரவில்லை. ஆனால், வட்டி தரத் தடை இருந்ததால்தான் கட்டணம் கேட்கவில்லை என்ற பழைய சமாதானம் வலுவிழந்தது.

அடுத்த அடி வட்டி வீழ்ச்சியிலிருந்து வந்தது. 2014 ஜூனில் ஐரோப்பிய மத்திய வங்கி தன்னிடம் வங்கிகள் வைக்கும் பணத்துக்கான வட்டியைப் பூஜ்யத்துக்குக் கீழே இறக்கியது. வட்டியில்லாக் கணக்குப் பணத்தால் அப்போது பெரிய ஆதாயம் இல்லாமல் போனது. சில வங்கிகள் ஏற்கெனவே வாங்கிவந்த பராமரிப்புக் கட்டணம் இப்போது பொதுவானது. பி.என்.பி. பரிபா 2016 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 30 யூரோ விதித்தது. கட்டணம் மாறினால் வங்கி இரண்டு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் மறுப்புச் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே பொருள். ஒப்பாதவர் கணக்கை மூடலாம், அதற்குச் செலவு இல்லை. கடன் ஒப்பந்தம் கணக்கை வைத்திருக்கச் சொல்லும்போது இந்த உரிமை காகிதத்தில்தான் இருந்தது.

தொகையை மட்டும் பார்த்தால் கடன்காரருக்குப் பெரிய நட்டம் என்று சொல்ல முடியாது. இருபது ஆண்டில் 30 யூரோ வீதம் 600 யூரோ. இரண்டு லட்சம் யூரோ கடனில் வட்டி 1.6 விழுக்காட்டுக்குப் பதில் 1.5 ஆகக் கிடைத்தால் அதே காலத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 2,200 யூரோ. உறுத்தல் வேறிடத்தில் இருந்தது. கடன் வட்டி கையெழுத்திட்ட நாளிலேயே நிலைத்துவிடும். கணக்கின் கட்டணமோ ஆண்டுதோறும் மாறலாம். ஒரு பக்கம் பூட்டு, மறு பக்கம் திறந்த கதவு.

வங்கிகளுக்கும் ஒரு கவலை இருந்தது. கடனை முன்கூட்டியே அடைத்தால் வாங்கும் அபராதம் ஆறு மாத வட்டியையோ, பாக்கியில் 3 விழுக்காட்டையோ தாண்டக் கூடாது என்பது பழைய விதி. வட்டியே ஒன்றரை விழுக்காடு ஆனபின் ஆறு மாத வட்டி அற்பத் தொகையாகிவிட்டது. கடன்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் குறைந்த வட்டிக்கு வேறு வங்கி மாறினார்கள். அபராதத்தால் நிறுத்த முடியாதவரைச் சம்பளக் கணக்கால் நிறுத்த வேண்டியிருந்தது.

2017 ஜூன் 1 அன்று பிறந்த அரசாணை இந்த வழக்கத்துக்கு முதன்முறையாகச் சட்ட வடிவம் கொடுத்தது. 2018 ஜனவரி முதல், வங்கி சம்பளத்தைத் தன்னிடம் செலுத்தக் கேட்கலாம். ஆனால் பதிலுக்குத் தனிப்பட்ட சலுகை தர வேண்டும், அதைக் கடன் பத்திரத்தில் குறிப்பிட வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. சம்பளத்தை இடையில் வேறிடம் மாற்றினால் சலுகை போய்விடும். வேடிக்கை என்னவென்றால், கணக்கை ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு எளிதில் மாற்றித் தரும் இலவசச் சேவை அதே 2017 பிப்ரவரியில்தான் தொடங்கியிருந்தது. வாடிக்கையாளரைக் காப்பதாகச் சொல்லப்பட்ட பத்து ஆண்டு வரம்பைப் பத்து ஆண்டுச் சிறை என்றே நுகர்வோர் அமைப்புகள் பார்த்தன.

சட்டத்துக்கு ஆயுள் கெட்டியில்லை. 2019 மே 22இன் ‘பாக்ட்’ சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. வங்கிப் பயனாளர் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றமும், கடன் தொகையையும் தவணையையும் காலத்தையும் பாராமல் முழுச் சம்பளத்தையும் செலுத்தச் சொல்ல அனுமதிப்பது 2014ஆம் ஆண்டின் வீட்டுக் கடன் நெறிமுறைக்கு ஒவ்வாது என்றது. தவணை கட்டுவதற்கு ஒரு கணக்கு கேட்பதை அந்த நெறிமுறை தடுக்கவில்லை. ஆனால் கடனுக்குக் கணக்கு கட்டாயம் என்றால், அதன் கட்டணத்தையும் சேர்த்தே கடனின் ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று அது விதிக்கிறது.

சம்பளத்தைக் கேட்பது பேரப் பேச்சில் இன்றும் நடக்கிறது. வட்டியைக் குறைக்க விரும்புபவர் பெரும்பாலும் இசைகிறார். கணக்குக்காகப் போன ஆண்டு வாங்கிய கட்டணங்களின் தொகுப்பை ஒவ்வொரு ஜனவரியிலும் வங்கி அனுப்ப வேண்டும் என்பது 2009 முதல் நடைமுறையில் உள்ள விதி. பராமரிப்புக் கட்டணம் வாங்காத இணைய வங்கிகள் சிலவும் இப்போது வீட்டுக் கடன் தருகின்றன.