ஹெர்ன்டன் அரங்கு: யாருக்கான புனரமைப்பு?

1996 ஒலிம்பிக் ஹொக்கிப் போட்டிகளை ரொறொன்ரோவில் ஒரு தொடர்மாடி வீட்டில், நண்பர்கள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். எமது கவனமெல்லாம் இந்திய அணியில் ஆடிய, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளைமீதே இருந்தது. இந்தியா எட்டாவதாக வந்தது; அதை விடுவோம். இறுதியாட்டம் நடந்த அரங்கு யாருடையது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அது அத்லாந்தாவின் மொரிஸ் பிறவுண் கல்லூரியின் உதைபந்தாட்ட அரங்கு. தென்மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரிகள் பலவற்றை வடக்கிலிருந்து வந்த வெள்ளை மிசனரிமார் நிறுவினர். இதையோ 1881இல் ஆபிரிக்க மெதடிஸ்ற் எப்பிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்த கறுப்பினத்தவர் தாமே நிறுவினர். அரங்கின் பெயருக்குரிய அலொன்சோ ஹெர்ன்டன் 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்துநராகிப் பொருளீட்டினார், 1905இல் ஒரு சிறிய மரண சகாயச் சங்கத்தை 140 டொலருக்கு வாங்கி, பெரிய காப்புறுதி நிறுவனமாக வளர்த்தார். அவருடைய சலூனில் முடிவெட்டிக்கொள்ள வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி. இந்த முரணை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அந்தச் சமூகம் தன் பணத்தைத் தன் கையில் வைத்திருக்கக் கற்றுக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்குண்டு.

அரங்கு 1948இல் திறக்கப்பட்டது. நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த நகரில், கறுப்பின மக்கள் பின்வாசலால் நுழையத் தேவையில்லாத ஓரிடம். சனிக்கிழமை ஆட்டங்கள் மட்டுமல்ல, இசையும் அங்கே நடந்தது. றே சார்ள்ஸ் 1959 மே 28இல் அங்கு பாடியது ஒலிப்பதிவாகி இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

பிறகு ஒலிம்பிக் வந்தது. 15,000 பேர் அமரும் அரங்காக அது புதுப்பிக்கப்பட்டது; ஹொக்கிக்கான செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. அயலில் எவரும் ஆடாத ஒரு விளையாட்டு! விருந்தினர் இரண்டு வாரத்தில் போய்விட்டனர். அரங்கு கல்லூரியின் பொறுப்பில் எஞ்சியது.

2001இல் கல்லூரி தன் விளையாட்டு அணிகளைத் தேசிய மட்டத்தின் முதற்பிரிவுக்கு உயர்த்தியது. பெரிய அரங்கு கையில் இருந்தது அந்த ஆசையை வளர்த்திருக்கும் என்பது என் ஊகம். செலவோ தாங்கமுடியாததாயிற்று. 2002 இறுதியில் கல்லூரியின் அங்கீகாரம் பறிபோனது. அங்கீகாரம் இல்லையேல் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவி இல்லை. அந்த உதவியில்தான் பெரும்பாலானோர் படித்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் படித்த இடத்தில் சில ஆண்டுகளில் நூறுபேர்கூட எஞ்சவில்லை. உதைபந்தாட்டமும் நின்றது. முன்னாள் தலைவர் நிதிமோசடிக் குற்றத்தை 2006இல் ஒப்புக்கொண்டார். இதையும் வெள்ளையர் தலையில் கட்ட நான் தயாரில்லை. எம்மவர் நிறுவனங்களில் கணக்குக் கேட்டவரைத் துரோகி என்று சொன்ன கூட்டங்களில் நானும் வாய்மூடி இருந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இரண்டுவார விருந்துக்கு அரங்கைப் புதுப்பிக்கப் பணம் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆசிரியர் சம்பளத்துக்கும் கூரைத் திருத்தத்துக்கும் அப்படிப் பணத்தோடு எவரும் வரவில்லை. திறப்புவிழாப் படத்தைப் பார்த்து "மீண்டு எழுந்தோம்" என்று எழுதும் நண்பர்களோடு நான் முரண்படுவது இங்கேதான். அரங்கைத் தாங்கி நிற்பது அதன் பின்னாலுள்ள நிறுவனம். அந்த நிறுவனத்தின் அன்றாடச் செலவைப் படம்பிடிக்க எவரும் வருவதில்லை.

2006இல் அங்கே ஒரு திரைப்படம் எடுத்தார்கள். 1970இல் விமான விபத்தில் 75 பேர் இறந்தபோது தன் உதைபந்தாட்ட அணியையே இழந்த மார்ஷல் பல்கலைக்கழகத்தின் கதை. ஆட்டம் நின்றுபோன ஹெர்ன்டன் அரங்கு அதில் இன்னொரு ஊரின் மைதானமாக நடித்தது. பிறகு இருக்கைகள் சிதைந்தன, சுவரெல்லாம் கிறுக்கல்கள்.

2012இல் கல்லூரி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நிலத்தில் ஒரு பகுதியை விற்றது. 2022 ஏப்ரிலில், இருபது ஆண்டுகளின் பின், அங்கீகாரத்தை மீண்டும் பெற்றது. அப்போது அதனிடம் உதைபந்தாட்ட அணி இருக்கவில்லை, வகுப்பறைகள் இருந்தன.